பரணில் கிடைத்த பழைய பக்கி கார்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது காட்பாடியில். 1980-களில் வந்த, மண்ணிலும் மணலிலும் ஓட்டுகிற ரிமோட் பக்கி கார்களைப் பிரித்து, கழுவி, மறுபடி ஓடவைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், குடியாத்தம் என்று எங்கிருந்தோ ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். பெட்டி மாறும், கேள்வி மாறாது. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"பரண்ல பழைய ரிமோட் கார் ஒண்ணு கீது. இது சாதா பொம்மையா, இல்ல விஷயம் உள்ள வண்டியா?"

கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மூடி திறந்து செல் போடுகிற இடம் இருந்து, உள்ளே ஒரே ஒரு சர்க்யூட் போர்டிலிருந்து எல்லா வயரும் கிளம்பினால் அது கடை பொம்மை. அதுவும் அழகுதான், ஆனால் போர்டு போனால் வண்டியே போன மாதிரி. விஷயம் உள்ள வண்டியில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனி: சிக்னல் வாங்கும் ரிசீவர் தனி, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ தனி, வேகத்துக்கு இன்னொரு சர்வோ தனி, ஆறு செல் சேர்த்துக் கட்டிய 7.2 வோல்ட் பேட்டரி தனி. இவை பெரும்பாலும் கிட்டாக விற்கப்பட்டவை. வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக மாட்டியிருப்பார். கையால் மாட்டியதைக் கையால் கழற்றலாம் என்பதுதான் இந்த வண்டிகளின் பெரிய குணம்.

நம் பக்கம் இவை எப்படி வந்தன என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். என்னிடம் வந்தவற்றில் பாதி வளைகுடாவில் வேலை பார்த்தவர்களின் சூட்கேஸில் வந்தவை. மீதியில் பல, தோல் ஏற்றுமதி விஷயமாக வெளிநாடு போய்வந்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கியவை.

"ஸ்டிக்கர் எல்லாம் உரிஞ்சு போச்சு. எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஸ்டிக்கரை விடுங்கள், பிளாஸ்டிக்கைப் படியுங்கள். சேஸியின் (வண்டியின் அடிச்சட்டம்) அடிப்பக்கம், சஸ்பென்ஷன் கைகளின் உள்பக்கம், கியர் பாக்ஸின் ஓரம் ஆகிய இடங்களில் கம்பெனி பெயர் புடைப்பாக இருக்கும். எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பும். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பானின் டாமியா. அபூர்வமாக கியோஷோ வரும். தங்க நிற அலுமினியத் தொட்டி போன்ற சேஸி இருந்தால் அது அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் 1984-ல் வெளியிட்ட ஆர்.சி.10 ஆக இருக்கலாம். அப்படியானால் மேற்கொண்டு எதையும் தொடாமல் முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

டாமியாவில் அதிகம் குழப்புகிற ஜோடி கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும். இரண்டும் 1984. தொட்டி மாதிரியான சேஸி ஏறக்குறைய ஒன்றே. பாடியைத் தட்டிப் பாருங்கள். கிராஸ்ஹாப்பரின் பாடி கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக், தட்டினால் 'டொக்' என்கும். ஹார்னெட்டின் பாடி மெல்லிய, வளையக்கூடிய பாலிகார்பனேட், வண்ணம் உள்பக்கம் அடிக்கப்பட்டிருக்கும். மோட்டாரும் காட்டிக்கொடுக்கும்: கிராஸ்ஹாப்பருக்குச் சின்ன 380, ஹார்னெட்டுக்குப் பெரிய 540. ஆனால் ஆசைப்பட்டு 540 மாட்டிய கிராஸ்ஹாப்பர்கள் நிறைய உண்டு. அதனால் மோட்டாரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மற்றவை சுலபம். நாலு சக்கரமும் இழுத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என ஒற்றை ஷாக் அப்சார்பர் இருந்தால் 1985-ன் ஹாட்ஷாட். வோக்ஸ்வேகன் பீட்டில் உருவம், உலோக சஸ்பென்ஷன், கண்ணாடி இழைத் தகட்டுச் சேஸி, தண்ணீர் புகாமல் மூடிய ரேடியோ பெட்டி எல்லாம் சேர்ந்திருந்தால் 1979-ன் சாண்ட் ஸ்கார்ச்சர்.

"சேஸில 1984-ன்னு அச்சு இருக்கு. அப்ப இது 1984 வண்டிதானே?"

அவசரப்பட வேண்டாம். அது பாகங்களை வார்க்கும் அச்சைச் செய்த வருடம், உங்கள் வண்டி தயாரான வருடம் அல்ல. டாமியா பழைய மாடல்களைத் திரும்ப வெளியிட்டது: ஹார்னெட் 2004-ல், கிராஸ்ஹாப்பரும் ஃபிராக்கும் 2005-ல், ஹாட்ஷாட் 2007-ல், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-ல். பழைய அச்சிலேயே வார்த்த பாகங்களில் பழைய வருடமே இருக்கும்.

பெட்டி இருந்தால் எண்ணைப் பாருங்கள். ஹார்னெட்டின் முதல் வெளியீடு 58045, மறுவெளியீடு 58336. கிராஸ்ஹாப்பர் 58043, மறுவெளியீடு 58346. பெட்டி இல்லையென்றால் ரேடியோவைப் பாருங்கள். நீளமான இழுக்கும் ஆன்டெனாவும், அலைவரிசையைத் தீர்மானிக்கிற, கழற்றி மாட்டும் கிரிஸ்டலும் உள்ள 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் கூடவே இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் ஊருக்கே உரிய ஒரு சாட்சியும் உண்டு. மேல்விஷாரத்திலிருந்து வந்த ஒரு பெட்டியின் பக்கவாட்டில் நீல மையில் முழு விலாசம் எழுதி, கடைசி வரியில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருந்தது. 1989-ல் மாவட்டம் பிரிந்து இந்தப் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, 1996-ல் வேலூர் மாவட்டம் ஆனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. பெயர் மாறிய பிறகும் பலர் பழைய விலாசமே எழுதி வந்தார்கள் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் 2004-க்குப் பிறகு வாங்கிய பெட்டியில் 'வட ஆற்காடு' என்று எழுதுகிறவர் அபூர்வம்.

"முதல்ல பேட்டரி போட்டு ஓடுதான்னு பாத்துடலாமா, அண்ணா?"

வேண்டாம். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முப்பது வருடம் பரணில் கிடந்த வண்டியின் கிரீஸ் மெழுகாகியிருக்கும், வயரின் மேலுறை விரிசல் விட்டிருக்கும், சுவிட்சில் பாசி படிந்திருக்கும். எலி கடித்த வயர் இரண்டு ஒட்டிக்கொண்டால் புகைதான் வரும். முதலில் கையால் பின்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றாலோ இறுகினாலோ கியர் பாக்ஸைத் திறந்த பிறகுதான் மின்சாரம்.

உள்ளே பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் அதைச் சார்ஜ் செய்து பார்க்கிற ஆசையும் வேண்டாம். காட்மியம் நஞ்சு. குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

"ரிமோட்ல செல் கசிஞ்சு பச்சையா வெள்ளையா பூத்திருக்கு. எலுமிச்சை போட்டுத் தேய்க்கலாமா?"

எந்தச் செல் என்பதைப் பொறுத்தது. ஆல்கலைன் செல்லும் நிக்கல் காட்மியமும் கசிந்தால் வருவது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட பஞ்சு சரி. ஆனால் நம் பெட்டிக்கடைகளில் வாங்கும் மலிவான பென்டார்ச் செல் பெரும்பாலும் ஜிங்க் கார்பன். அதன் கசிவு லேசான அமிலம். அதன் மேல் எலுமிச்சை ஊற்றினால் அரிப்பு கூடும். அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். எதுவானாலும் பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து, மொபைல் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங்கின் முலாம் போய்க் கறுத்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

"முழுசா பிரிச்சு தண்ணியில கழுவலாமா?"

பிளாஸ்டிக் பாகங்களைத் தாராளமாக. பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். மோட்டார், சர்வோ, ரிசீவர், ஸ்பீடு கன்ட்ரோலர் நனையக் கூடாது. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் மூன்றையும் பாலிகார்பனேட் பாடியின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். தொட்ட நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, பிறகு சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுங்கள். ஸ்க்ரூக்களை அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூ குட்டை ஸ்க்ரூ இடம் மாறினால் சேஸி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

"ஸ்க்ரூ தலை வழுக்கி வழுக்கித் தேயுது. நான் அழுத்தறது போதலையா?"

அழுத்தம் அல்ல, டிரைவர்தான் தவறு. ஜப்பான் ஸ்க்ரூவின் கூட்டல் குறி நம் கடைகளில் விற்கும் பிலிப்ஸ் டிரைவருக்கு முழுதாகப் பொருந்தாது. நுனி மேலே நின்று பள்ளத்தைச் சுரண்டும். ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) வகை டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். அந்த ஒரு செலவு இந்த வேலை முழுக்க உங்களைக் காப்பாற்றும்.

மாட்டும்போது இன்னொரு பழக்கம் வேண்டும். இவை பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொள்ளும் ஸ்க்ரூக்கள். துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் 'டிக்' என்று ஸ்க்ரூ ஒரு மயிரிழை கீழே விழுவது விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாயில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். நேரடியாக முறுக்கினால் புது மரை வெட்டும், மூன்று தடவைக்குள் துளை தூளாகிவிடும்.

"மோட்டார் மட்டும் தனியா எப்படி டெஸ்ட் பண்றது?"

கழற்றி எடுத்து மூன்று பெரிய டார்ச் செல்லைத் தொடராக இணைத்து 4.5 வோல்ட் கொடுங்கள். முனகிக்கொண்டு சுற்றினால் நல்ல செய்தி. நின்று நின்று சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் அழுக்காக இருக்கலாம். அதே குறைந்த வோல்ட்டில் சில நிமிடம் ஓடவிட்டால் பல சமயம் தெளிந்துவிடும். வெள்ளித் தகரக் கூடு போட்ட சாதாரண 540 மோட்டாரைத் திறக்க முயல வேண்டாம். பிரஷ் மாற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. புதுசு மலிவாகவே கிடைக்கிறது.

மோட்டாரின் இரண்டு முனைக்கும் கூட்டுக்கும் நடுவில் '104' என்று எழுதிய சின்ன வில்லைகள் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். அவை 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள், மோட்டாரின் இரைச்சல் ரிசீவரைக் குழப்பாமல் தடுப்பவை. புது மோட்டார் போட்டால் இவற்றையும் போடுங்கள்.

"உள்ள வெள்ளைக் கல்லு மாதிரி ஒண்ணு இருக்கு. கொஞ்ச நேரம் ஓட்டினா கொதிக்குது. ரிப்பேரா?"

இல்லை, அதன் வேலையே கொதிப்பதுதான். அந்தக் கால வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு சர்வோ தள்ளும் சுவிட்ச். குறைந்த வேகத்தில் மின்சாரத்தின் ஒரு பங்கை இந்த ரெசிஸ்டர் வழியே விட்டு வெப்பமாக எரித்துவிடும். அதனால் மெதுவாக ஓட்டினால்தான் அதிகம் சுடும். அதன் மேல் வயர் படாமலும், பாடி ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சின் செம்புத் தகடுகளை அழிரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பாதி வண்டிகளுக்கு உயிர் வந்துவிடும்.

"ரிமோட் தொலைஞ்சு போச்சு. புது 2.4 ரிமோட் வாங்கி மாட்டினா ஓடுமா?"

ஓடும். கிரிஸ்டல் தேடி அலைய வேண்டாம். இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் ரிசீவரைச் சுட்டுக்கொள்கிறார்கள், அதனால் கவனமாகப் படியுங்கள். பழைய ரிசீவர்கள் பலவற்றில் 7.2 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி உள்ளேயே இருந்தது. புது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்களில் பல 6 வோல்ட் வரைதான் தாங்கும். முழுதாகச் சார்ஜ் ஆன 7.2 வோல்ட் பேட்டரி 8 வோல்ட்டுக்கு மேலேயே கொடுக்கும். நேராகச் சொருகினால் ரிசீவரும் பழைய சர்வோவும் சேர்ந்து போகும்.

வழி இரண்டு. பழைய சுவிட்சையே வைத்துக்கொள்ள விரும்பினால், வோல்ட்டைக் குறைத்து 5 வோல்ட் கொடுக்கும் பி.இ.சி. என்ற தனிச் சின்னப் பலகை ஒன்றை நடுவில் போடுங்கள். இல்லையென்றால் சுவிட்சையும் அதன் சர்வோவையும் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர் மாட்டுங்கள். வோல்ட் குறைப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். சர்வோ வயரைச் சொருகும் முன் சிவப்பு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய பிராண்டுகளில் வரிசை மாறியிருக்கும்.

பழைய ரிமோட் இருந்து அதையே ஓட்ட விரும்புகிறவர்களுக்கு ஒன்று: ரிமோட்டின் கிரிஸ்டலும் ரிசீவரின் கிரிஸ்டலும் ஒரே நிறமாக இருந்தாலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் உண்டு. இடம் மாற்றிப் போட்டால் வண்டி அசையாது.

"இப்ப எல்லாரும் லிப்போ பேட்டரிதானே போடறாங்க? நான் போட்டா என்ன?"

வெள்ளைக் கல் உள்ள பழைய சுவிட்சோடு போடாதீர்கள். லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. லிப்போவுக்கென்று வந்த எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் அந்த இடத்தில் நிறுத்திவிடும், பழைய சுவிட்சுக்கு அது தெரியாது, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். அப்படி உறிஞ்சிய லிப்போவை மறுபடி சார்ஜ் போடுவது வீட்டுக்குள் நெருப்பை வைப்பது போல. 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும். இந்தக் கியர்களுக்கு அதுதான் அளவான தீனி. கத்திரி வெயிலில் எந்தப் பேட்டரியையும் ஷீட் கூரை அறையிலோ, மூடிய காருக்குள்ளோ விட்டுவைக்காதீர்கள்.

"வெள்ளை பாடி பழுப்பாயிடுச்சு. பெயின்ட் அடிச்சுடவா?"

அடிக்கும் முன் வெயிலைக் கேட்டுப் பாருங்கள், நம்மிடம் அது குறைவில்லை. மருந்துக்கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். ஸ்டிக்கர் இல்லாத, வண்ணம் அடிக்காத கெட்டிப் பிளாஸ்டிக் பாடியை ஒரு கண்ணாடித் தொட்டியில் அதில் முழுதாக மூழ்கவைத்து வெயிலில் வையுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். காலை வெயில் போதும். நடுப்பகலில் திரவம் சூடேறி, பாகம் வெளியே தலைநீட்டிக் காய்ந்தால் திட்டுத்திட்டாக வெளுக்கும். மணிக்கொரு தரம் திருப்பிப் போடுங்கள். வெளுப்பு வரும், சில வருடத்தில் பழுப்பு திரும்பவும் வரலாம்.

ஹார்னெட் மாதிரிப் பாலிகார்பனேட் பாடிக்கு வண்ணம் உள்பக்கத்தில்தான், அதற்கென்று உள்ள ஸ்பிரேயால்தான். சாதாரண ஸ்பிரே வளையும்போது செதில் செதிலாக உதிரும்.

"சேஸி வெடிச்சிருக்கு. ஷூ ஒட்டற சொல்யூஷன் இருக்கு, போடலாமா?"

ஆம்பூர்ப் பக்கம் எந்த வீட்டிலும் இந்தச் சொல்யூஷன் இருக்கும், அதனால்தான் இந்தக் கேள்வி. தோலையும் ரப்பரையும் பிடிக்கிற மாதிரி அது பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. அதில் உள்ள கரைப்பான் பாலிகார்பனேட்டை நொறுக்கும். ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் சேஸி ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். உடைந்த ஏ.பி.எஸ். துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துத் தேன் பதத்துக்கு வந்ததும் விரிசலின் உள்பக்கம் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் உருக்கி ஒட்டின மாதிரி பிடிக்கும். பாலிகார்பனேட் பாடிக்கு இந்த வைத்தியம் ஆகாது, மேலே கழுவும் கேள்வியில் காரணம் சொல்லியிருக்கிறேன். பாடியில் விரிசல் ஓடுகிற முனையில் 2 மி.மீ. துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது.

"டயர் கல்லு மாதிரி ஆயிடுச்சு. தேங்காயெண்ணெய் தடவி ஊறவைக்கலாமா?"

எண்ணெயும் மண்ணெண்ணெயும் ரப்பரை உப்பவைக்கும். சில வாரம் மென்மையாகத் தோன்றி, பிறகு பிசுபிசுத்துக் கிழியும். வெந்நீரும் சோப்பும் போட்டு ஊறவைத்து, காயவைத்து, சிலிகான் எண்ணெய் மெல்லத் தடவுங்கள். விரிசல் விழுந்த டயர் திரும்பாது. அதை ரிம்மோடு பத்திரமாக வைத்துவிட்டு ஓட்டுவதற்குப் புது டயர் வாங்குங்கள்.

"பார்ட்ஸ் எல்லாம் ஜப்பான்ல இருந்துதான் வரணுமா? வரி எவ்வளவு ஆகும்?"

மறுவெளியீடு வந்த மாடல்களுக்குப் பல பாகங்கள் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது. அதனால் வாங்குகிற நாளில் வரியைப் பார்த்துவிட்டு, தேவையானதை ஒரே பார்சலாக வரவழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் கடல் தாண்ட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதிலாகப் போடும் பால் பேரிங் பல இடங்களில் உள்விட்டம் 5, வெளிவிட்டம் 11, அகலம் 4 மி.மீ. உங்கள் வண்டியில் அளந்துகொண்டு போனால் பேரிங் கடையிலேயே கிடைக்கும். வளைந்த அச்சுக்கு மாதிரியைக் கொடுத்தால் ராணிப்பேட்டையில் லேத் வைத்திருப்பவர் அரை நாளில் கடைந்து கொடுத்துவிடுவார். எனக்குக் கடைந்து கொடுத்த ஒருவர் காசு வாங்க மறுத்து, வண்டியை ஒரு தடவை ஓட்டிக்காட்டச் சொன்னார்.

"பாலாத்துல ஓட்டலாமா?"

ஓட்டலாம், அதற்காகவே பிறந்த வண்டி. ஆனால் பாலாற்று மணலில் பொடி மணல் அதிகம், கியர் பாக்ஸுக்குள் புகுந்து கிரீஸோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். கியர் பாக்ஸின் இரு பாதியும் சேரும் இடத்தில் இடைவெளி இல்லாமல் மூடுங்கள். கிரீஸைப் பல்லின் மேல் மெல்லிசாக மட்டும் பூசுங்கள். நாலைந்து தடவை ஓட்டியதும் திறந்து துடையுங்கள்.

"எங்க அப்பா வாங்கினது. பையன் ஓட்டக் கேக்கறான். குடுக்கவா, கண்ணாடி அலமாரியில வைக்கவா?"

இரண்டும் முடியும். மூலப் பாடியையும், மூலச் சக்கரங்களையும், கழற்றிய சுவிட்சையும் பெட்டியில் வையுங்கள். பையன் ஓட்டுவதற்கு மறுவெளியீட்டுப் பாடி ஒன்றும் புது டயரும் மாட்டிக் கொடுங்கள். உள்ளே இருப்பது உங்கள் அப்பாவின் வண்டியேதான்.

மூலப் பாடியைப் 'புதுசு' ஆக்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு கிராஸ்ஹாப்பரில் ஓட்டுநர் பொம்மையின் ஹெல்மெட்டில் யாரோ ஒரு சிறுவன் பால்பாயின்ட் பேனாவால் '7' என்று எழுதியிருந்தான். கொண்டுவந்தவர் அதை அழித்துத் தரச் சொன்னார். எழுதியது யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன்" என்றார். சேஸி, கியர், வயர் எல்லாம் புதுக்கிக் கொடுத்தேன். ஹெல்மெட்டைத் தண்ணீர்கூடத் தொடவிடவில்லை.

ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சேஸிக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து, நாலு சக்கரமும் தரையில் படாமல் தூக்கி வையுங்கள்.